போகாத லவினா

பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வந்து வெறுமனே லவினா வீடு எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். நர்ஸ் லவினா உண்டு, பேக்கரிக்காரர் மருமகள் லவினா உண்டு, போன மாதம் ஞானஸ்நானம் வாங்கிய கைக்குழந்தை லவினாகூட உண்டு. ‘போகாத லவினா’ என்று கேட்டால்தான் சரியான கதவைத் தட்டலாம். அல்சூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கன்னடத்தில் ஆறுதல் சொல்லி, தமிழில் அதட்டி, இங்கிலீஷில் பில் போடுகிறாளே, ஐம்பத்தேழு வயசு, பழைய வீட்டு வாசற்படிகளில் குனிந்து நுழைகிற உயரம், அவள்தான்.

எங்கே போகாத லவினா? மெட்ராஸுக்கு. எண்பதுகளின் கடைசியில், மெட்ராஸ் இன்னும் சென்னை ஆகாத காலத்தில், அவளுக்கு அங்கே ரயில்வேயில் வேலை கிடைத்தது. பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களுக்கென்று ஒதுக்கிய வேலை. காலையில் ஆபீஸ், மாலையில் ரயில்வே அணிக்கு ஆட்டம், மாசம் பிறந்தால் சம்பளம். அதை உதறிவிட்டு ‘என் கிளப்பை விட்டுப் போக மாட்டேன்’ என்று நின்றாள் என்பது அந்தப் பகுதியின் சரித்திரம். சரித்திரம் எழுதியவர்கள் சன்ரைஸ் கிளப்பின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் எழுதும் சரித்திரத்தில் சம்பந்தப்பட்டவரைக் கேட்கும் வழக்கம் கிடையாது.

சன்ரைஸ் கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கோர்ட், இரண்டு கம்பம், ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். இப்போது தரை சிமென்ட். லவினா ஆடிய காலத்தில் செம்மண். மழை விட்டதும் பெண்கள் அணி முழுவதும் துடைப்பமும் மரத்தூளுமாக இறங்கித் தண்ணீரை ஒற்றி எடுத்து, சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுத்தான் பந்தைத் தொடும். வெள்ளைக் கான்வாஸ் ஷூ இரண்டே ஆட்டத்தில் செங்கல் நிறமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயிலுக்குக் கட்டிய புடவையோடு அம்மாக்கள் சுவரோரம் நின்று ஆட்டம் பார்ப்பார்கள். யாராவது ஒரு வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் ராகிக் கஞ்சி வரும். அல்சூர் ஏரிப் பக்கமிருந்து காற்று வீசினால் நாற்றமும் வரும். அந்த நாற்றத்தைக்கூட லவினாவுக்கு இன்றைக்கு நினைத்தால் ஆசையாக இருக்கிறது, என்ன சொல்வது.

அந்தக் கோர்ட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் ஊரை விட்டுப் போனாலும், துபாய்க்கு வேலைக்கோ, கோலாருக்கு வாழ்க்கைப்பட்டோ, போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்கு வந்து ஒரு ஃப்ரீ த்ரோ போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கிளப்பின் மூத்தவர் பந்தைக் கையில் கொடுப்பார். போகிறவர் கோட்டில் நின்று எறிய வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று சும்மா பார்க்கக் கூடாது. கத்த வேண்டும், கேலி பேச வேண்டும், முகத்துக்கு நேரே துண்டை ஆட்ட வேண்டும், எப்படியாவது அந்தப் பந்து வளையத்துக்குள் விழாமல் கெடுக்க வேண்டும். விழுகிறவரை யாரும் நகர முடியாது. எவ்வளவு கத்துகிறார்களோ அவ்வளவு பிரியம் என்று அர்த்தம். கன்னியாஸ்திரி மடத்துக்குப் போன மரியா என்ற பெண்ணை, மதர் சுப்பீரியர் வாசலில் வேனோடு காத்திருக்க, வெயில் ஏறும்வரை போட விடாமல் அழவைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதற்குப் ‘பந்து கொடுப்பது’ என்று பெயர். எதிரணிக்குத் தாவிய ஒரே ஒருவனுக்கு மட்டும், எந்தக் காலத்திலோ, பந்து கொடுக்காமல் அனுப்பினார்கள். அவன் அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

மூத்தவர் இப்போது கிளெமென்ட். எழுபதைத் தாண்டியவர், தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், லவினா காலத்தில் கிளப்பின் செக்ரட்டரி. தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து தும்மினால் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஆட்டோ நிற்கும் என்று ஆட்டோ ஓட்டுகிற பச்சைமுத்துவே சொல்வார்.

இந்த அமைதியான ராஜ்ஜியத்தில்தான் டென்சில் குண்டு போட்டான்.

டென்சில் அந்தக் கோர்ட்டில் நடை பழகியவன். லவினாவோடு ஒரே அணியில் ஆடிய ஆஞ்சலாவின் மகன். சில வருஷங்களுக்கு முன் ஊருக்கு ஊர் அணி வைத்து ஒரு லீக் ஆரம்பித்தார்களே, அதில் பெங்களூர் அணி அவனை எடுத்தது. இரண்டாவது சீசனிலேயே அவன் நட்சத்திரம். ஸ்டேடியத்தில் அவன் பந்தைத் தொட்டால் மொத்தக் கூட்டமும் “நம்ம ஹுடுகா! நம்ம ஹுடுகா!” என்று எழுந்து நிற்கும். நம்ம பையன். அந்தக் கன்னடக் கூச்சலைக் கேட்டு கிளெமென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டதை லவினா பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். ஐந்து தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும், பேசுவது தமிழ் என்பதால் ‘நீங்க எந்த ஊர்?’ என்று கேட்கப்பட்டே வளர்ந்த மனிதர் அவர். அந்தப் பையன் பேரால் அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நம்பினார்.

ஒப்பந்தம் இந்த வருஷம் முடிந்தது. டென்சில் சென்னை அணியில் கையெழுத்துப் போட்டான்.

செய்தியைக் கொண்டுவந்தவன் முகேஷ். ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை, மாலையில் மெட்ரோவில் வந்து இறங்கி நேரே பெஞ்சுக்கு வருகிறவன். போனை நீட்டிப் படத்தைக் காட்டினான். டென்சில் மஞ்சள் பனியனில் சிரித்துக்கொண்டு நின்றான்.

“மெட்ராஸா?” என்றார் கிளெமென்ட். “வேற ஊரே கிடைக்கலியா அவனுக்கு? டெல்லி போ, பம்பாய் போ, யார் வேணான்னாங்க? கடைசில மெட்ராஸுக்குத்தான் ஓடினானா?”

“அங்கிள், அவன் ஃப்ரீ ஏஜென்ட். கான்ட்ராக்ட் முடிஞ்சிச்சி. யார் கூப்டாலும் போலாம். நாங்க கம்பெனி மாத்தலியா?”

“கம்பெனியும் இதுவும் ஒண்ணாடா? உன் கம்பெனிக்காக எவனாச்சும் எழுந்து நின்னு கத்தினானா? நாளைக்கு ஒருத்தன் வந்து, ‘பாத்தியா, உங்காளு உங்க ஊருக்கே போய்ட்டான்’ன்னு சொல்லுவான். நான் இன்னா பதில் சொல்றது? சும்னே வாய மூடினு நிக்கணுமா?”

அதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் பால் பூத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே அதையேதான் கேட்டார். கேட்டவருக்கு அது வேடிக்கை. கிளெமென்ட் பால் வாங்காமலேயே திரும்பி வந்தார். இதைப் பச்சைமுத்து சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து பெஞ்சில் தினமும் பட்டிமன்றம். பச்சைமுத்து ஒருநாள் இந்தக் கட்சி, மறுநாள் அந்தக் கட்சி. அவருக்கு வேண்டியது சண்டை நீடிப்பது. “பையன் முட்டிக்கு இன்னும் எத்தினி வருசம் கேரன்ட்டி? இருக்கறப்பவே நாலு காசு பாத்துக்கட்டும்” என்பார். “ஆனா மஞ்சள் பனியன் அவனுக்கு எடுப்பா இல்ல” என்றும் சேர்த்துக்கொள்வார். முகேஷ் போனை வைத்துக்கொண்டு, பெங்களூர் அணி அவனைத் தக்கவைக்க எதுவுமே செய்யவில்லை, கடைசி மாசம்வரை கூப்பிட்டுக்கூடப் பேசவில்லை என்று வாதாடுவான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கிளெமென்ட் கடைசியில் தன் துருப்புச் சீட்டை இறக்குவார்.

“லவினா போனாளா? ரயில்வே கூப்டுச்சு. கவர்மென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், பாஸ். போனாளா அவ? இங்கதான் கீறா. பாத்துக்கோ.”

அதோடு வாதம் முடிந்துவிடும். எதிரே லவினா இருந்தால், எல்லோரும் திரும்பி அவளை ஒருமுறை மரியாதையோடு பார்ப்பார்கள். லவினாவும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். ஒளிப்பானேன், அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பல்வலிக்காரர்கள் நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு, ஊரே தன்னை எடுத்துக்காட்டாகச் சொல்வதைக் கேட்கக் கசக்குமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் கசந்தது. ‘ஒருவருக்கொருவர் சமாதானத்தைத் தெரிவித்துக்கொள்வோம்’ என்று சாமியார் சொன்னதும் எல்லோரும் திரும்பித் திரும்பிக் கைகூப்பினார்கள். கிளெமென்ட் வலது பக்கம் கூப்பினார், இடது பக்கம் கூப்பினார், பின்வரிசைக்குத் திரும்பி ஒவ்வொருவராகக் கூப்பிக்கொண்டே வந்து, ஆஞ்சலாவிடம் வந்ததும் அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கூப்பினார். ஆஞ்சலா கூப்பிய கையோடு நின்றாள். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் கிளெமென்ட்டைப் பார்த்துவிட்டுத் தாங்களும் அவளுக்குக் கைகூப்பாமல் பாடல் புத்தகத்தைப் புரட்டினார்கள். இரண்டு வரிசை தள்ளி நின்ற லவினாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் மதியம் ஆஞ்சலா கிளினிக்குக்கே வந்துவிட்டாள். பல்வலி ஒன்றும் இல்லை. முன்மேசைக்கு எதிரே நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து, கூட்டம் குறைந்ததும் எழுந்து வந்தாள்.

“லவி, ஞாயித்துக்கெழம டென்சில் வர்றான்டி. திங்கக்கெழம காலைல ரயிலு. பந்து வாங்கினு போணும்ங்கறான். நான் வேணாண்டா, அசிங்கப்படுத்துவாங்கன்னேன். ‘எங்கேயும் ஆடுவேன்மா, ஆனா பந்து வாங்காம எப்படிம்மா போறது’ன்னு சின்னப் புள்ள மாதிரி கேக்கறான்டி.”

“கிளெமென்ட் அண்ணனாண்ட கேட்டியா?”

“கேட்டேன். எதிர்ல ஆடறவனுக்குப் பந்து கெடையாதுன்னுட்டார். அப்புறம் கொஞ்சம் எறங்கி வந்து, ‘லவினா சொல்லட்டும். இருக்கறதுன்னா இன்னான்னு அவளுக்குத்தான் தெரியும். அவ குடுன்னா குடுக்கறேன்’னாரு. அவருக்குத் தெரியும்டி, நீ குடுக்கச் சொல்ல மாட்டேன்னு. ஊருக்கே தெரியும். ஆனாலும் வந்துட்டேன்.”

‘ஊருக்கே தெரியும்’ என்ற இரண்டு வார்த்தை லவினாவை அன்று முழுக்க உறுத்தியது. கூட வேலை பார்க்கும் மமதா இரண்டு தரம் “ஏன்க்கா, உங்களுக்கே பல்வலியா?” என்று கேட்டாள்.

சாயங்காலம் வீட்டில் நோயலிடம் சொன்னாள். நோயல் அவள் புருஷன். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததில் ஒரு காது மந்தம். மற்றக் காதையும் பாஸ்கெட்பாலுக்கு மூடிவைத்திருப்பவர். கஷ்டப்பட்டுக் கூடைக்குள் போட்ட பந்தை அடியில் ஓட்டை வைத்து ஏன் கீழே விடுகிறார்கள் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்கும் கேள்வி. ஆனால் அன்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். “எல்லாரும் நீ போவலன்னுதான் சொல்றாங்க. ஏன் போவலன்னு எனக்கே தெரியாது. நீ சொன்னதே இல்ல.”

சொன்னதே இல்லைதான். கேட்டதுமில்லை யாரும்.

படுக்கையில் புரண்டபடி அதையெல்லாம் யோசித்தாள். இத்தனை காலமும் அந்த நினைவை அவள் பெஞ்சுக்காரர்கள் சொல்கிற மாதிரியேதான் வைத்திருந்தாள், பூ வைத்துப் பொட்டு வைத்து. இப்போதுதான் அலங்காரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

வேலை கிடைத்ததும் முதலில் குதித்தவளே அவள்தான். பெட்டி வாங்கியாயிற்று. புது ஷூ வாங்கியாயிற்று. அப்போதுதான் ஒரு சாயங்காலம் கிளெமென்ட் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு எதிரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். “மைசூர் தசராவுல டோர்னமென்ட் வருது. இவ இல்லன்னா டீமே இல்ல. அது மட்டும் முடியட்டும், அப்புறம் போவட்டும். ரயில்வேகாரன் காத்திருக்க மாட்டானா?” என்றார். அப்பா தலையாட்டினார். லவினா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. தசரா வந்தது. மைசூரில் கோப்பையை ஜெயித்தார்கள். திரும்பி வந்தபோது ரயில் நிலையத்திலிருந்து கோர்ட் வரை தாரை தப்பட்டையோடு அவளை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். அது பொய்யில்லை. அந்த இரவு மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கப்புறம் அவளுக்கு வரவில்லை. ஆனால் ரயில்வேகாரன் காத்திருக்கவில்லை. அந்த இடத்துக்கு கோலாரிலிருந்து ஒரு பெண் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் ஆஞ்சலாவுக்குக் கல்யாணம். அதற்கடுத்து இன்னும் இரண்டு பேருக்கு. பெண்கள் அணி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. யாருக்காக இருந்தாளோ அவர்களில் யாரும் ஆட வரவில்லை. கோர்ட் மட்டும் இருந்தது, ஆண்கள் ஆடினார்கள். சில வருஷம் கழித்து கண்டீரவா ஸ்டேடியத்தில் ஒரு பெரிய ஆட்டம் பார்க்கப் போனாள், கைக்குழந்தையோடு. அந்தக் கோலார்ப் பெண் இந்தியப் பனியனில் ஓடிக்கொண்டிருந்தாள். சுமாராகத்தான் ஆடினாள். வீட்டுக்கு வந்து லவினாவால் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோர்ட்டில் நல்ல கூட்டம். பந்து கொடுப்பதற்கு வந்த கூட்டமில்லை. கொடுக்க மாட்டார்கள் என்பதைப் பார்க்க வந்த கூட்டம். டென்சில் பழைய சன்ரைஸ் பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவ்வளவு உயரமான பையன் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மாதிரி நின்றான். கிளெமென்ட் மடியில் பந்தை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நோயலும் வந்திருந்தார், சுவருக்கு வெளியே ஸ்கூட்டரில், எப்போது முடியும் என்ற முகத்தோடு.

முகேஷ்தான் ஆரம்பித்தான். “அங்கிள், குடுத்துடுங்க. அவன் இன்னா நம்மள விட்டா போறான்? வேலைக்குப் போறான்.”

“வேலைக்குப் போறவனுக்கு நான் என்னிக்காச்சும் இல்லன்னிருக்கேனா?” கிளெமென்ட் குரல் சுவருக்கு வெளியே கேட்டது. “துபாய் போனவன் நமக்கு எதிரா ஆட வரல. இவன் நாளைக்கு நம்ம ஸ்டேடியத்துக்கே வந்து நம்ம தலை மேல பந்து போடுவான். இவனுக்கு நான் என் கையால குடுத்து அனுப்பணுமா? நம்ம ஹுடுகான்னு கத்தினானுங்களே, அவனுங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது?”

“தாத்தா…” என்றான் டென்சில்.

“நீ பேசாத. லவினா பேசட்டும்.” கிளெமென்ட் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். “மெட்ராஸ் இவளையும் கூப்டுச்சு. இவ போவல. இவ சொல்லட்டும், போறவனுக்குப் பந்து குடுக்கலாமா கூடாதான்னு. அவ சொல்றதுதான் முடிவு.”

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், அதே மரியாதையான பார்வை. இந்தப் பார்வை இன்றோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அது இல்லாமல் ஜோகுபாளையத்தில் தான் யார் என்றும் தெரியவில்லை.

“கிளெமென்ட் அண்ணா, நான் போவலதான்” என்றாள். “ஆனா நான் போவ மாட்டேன்னு சொல்லவே இல்ல. யாராண்டயும் சொல்லல. பெட்டி கட்டி வெச்சிருந்தேன். தசரா முடியட்டும்னாங்க, முடிஞ்சப்ப வேலையும் முடிஞ்சிச்சி. அவ்ளோதான் விஷயம். நீங்க எல்லாம் நல்ல மாதிரி சொன்னீங்க. கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சி, நானும் சும்மா இருந்துட்டேன்.”

லவினா டென்சில் பக்கம் கையைக் காட்டினாள்.

“என்ன வெச்சி இந்தப் பையன அடிக்காதீங்க. எனக்கு அது தாங்கல. அன்னிக்கி போயிருந்தா நல்லா ஆடியிருப்பனோ இல்லியோ, ஆடியாச்சும் இருப்பேன். இவன் ஆடட்டும். எந்த ஊர்ல ஆடினாலும் இந்தக் கோர்ட்டுல கத்துக்கினதுதான ஆடப்போறான்? அவனுக்குப் பந்து குடுங்க. ஆஞ்சலாவுக்குக் கையக் கூப்புங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது. கிளெமென்ட்டின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே, ‘அவ சொல்றதுதான் முடிவு’ என்று ஊர் முன்னால் சொல்லியாயிற்று. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடந்து போனார். ஆஞ்சலாவுக்கு முன்னால் நின்று, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார். ஆஞ்சலா பதிலுக்குக் கூப்பினாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. பிறகு டென்சிலிடம் பந்தை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

டென்சில் கோட்டில் போய் நின்றான். லீக்கில் ஃப்ரீ த்ரோவைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவன். முதல் பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது பலகையில் பட்டு வெளியே போயிற்று. கத்த வேண்டியவர்கள் கத்தவில்லை. கத்தலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஊமையாக நின்றார்கள். அந்த மௌனத்தில் அவனால் போட முடியவில்லை. மூன்றாவது தரம் பந்தை எடுத்தவன் எறியாமல் தரையில் தட்டிக்கொண்டே நின்றான்.

“டேய், முட்டிய மடக்குடா நெட்டக் கொக்கு!” கிளெமென்ட்டின் தொண்டை வெடித்தது. “அங்க போயும் இப்படித்தான் போடப்போறியா? மானத்த வாங்காத! மெரினாவுல சுண்டல் விக்கத்தான் லாயக்கு!”

அவ்வளவுதான். கோர்ட்டே கிழிந்தது. பச்சைமுத்து துண்டை உருவி முகத்துக்கு நேரே ஆட்டினார். முகேஷ் தரையில் குதித்தான். கோயில் புடவைகளெல்லாம் கூவின. ஆஞ்சலாவே “போடாதடா, போடாத!” என்று அழுதுகொண்டு கத்தினாள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் டென்சில் முதல்முறையாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே எறிந்தான். பந்து வளையத்தில் பட்டுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது.

அப்புறம் கட்டிப்பிடிப்பதும் அழுவதும் படம் எடுப்பதுமாக ஒரே கலாட்டா. ஆஞ்சலா வீட்டில் எல்லோருக்கும் குஸ்கா என்று பச்சைமுத்து தானே அறிவித்துவிட்டார். கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. லவினா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தாள். கிளெமென்ட்டும் போகாமல் பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார். இனிமேல் தன்னை இவர் எதற்கும் உதாரணம் சொல்ல மாட்டார் என்று லவினா நினைத்துக்கொண்டாள். நினைத்தபோது வருத்தமாகத்தான் இருந்தது.

“அன்னிக்கி நான் உங்க வூட்டுக்கு வராம இருந்தா, நீ போயிருப்ப” என்றார் கிளெமென்ட்.

“போயிருப்பேன்ணா.”

அவர் தலையை ஆட்டினார். கழுத்திலிருந்த கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“வலது பக்கமா ஓடிக்கினே, ஆளப் பாக்காமலே, எடது கையால பின்னாடி ஒரு பாஸ் குடுப்ப பாரு. மைசூர் ஃபைனல்ஸ்ல ஆஞ்சலாவுக்குக் குடுத்தியே. எங்க இருந்து வந்துச்சின்னு அவளுக்கே தெரியல. அந்த மாதிரி பாஸ் நான் அப்புறம் பாக்கவே இல்ல லவினா. இவன் டென்சிலு இவ்ளோ ஆடறானே, இவனுக்கும் அது வரல. எங்க போயிருந்தாலும் நீ இந்தியாவுக்கு ஆடியிருப்ப. எனக்கு அப்பவே தெரியும்.”

லவினாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. தோளெல்லாம் குலுங்க, வெயிலில், அத்தனை பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு அழுதாள். சுவருக்கு வெளியிலிருந்து அதைப் பார்த்த நோயல் ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தார்.

“இன்னாய்யா சொன்ன அவள? பேசினதுக்குத் திட்டினியா?”

“நான் இன்னாத்தத் திட்டினேன்? நல்லா ஆடுவான்னு சொன்னேன், அவ்ளோதான்.”

நோயல் பொண்டாட்டியின் பக்கம் குனிந்து, கேட்கிற காதை அவளிடம் கொடுத்தார்.

“அதுக்கு ஏம்மா அழற?”

“இப்பதான சொல்றாங்க” என்றாள் லவினா.